அர்ச்சனைச் சீட்டில் ஐடி எண் எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் இருக்கும் ஆன்ட்டி ஒருவருக்குப் போன புரட்டாசியில் ஒரு போன் வந்தது. வணக்கம் என்ற ஒரு சொல் தமிழ், மிச்சமெல்லாம் நம்ம சாட்ஸ்வர்த் பகுதி ஆங்கிலம். கோயிலிலிருந்து பேசுவதாகச் சொன்ன அந்தப் பையன், ஆன்ட்டியின் நட்சத்திரம் ரோகிணி என்றான். அங்கிள் காலமான தேதியைச் சொன்னான். முந்தின வருஷம் மூன்றாம் சனிக்கிழமை அன்னதானத்துக்கு 1,200 ராண்ட் கொடுத்ததையும் நினைவுபடுத்தி, இந்த வருஷமும் அங்கிள் பேரில் செய்துவிடலாமா என்று கேட்டான். கோயில் வேறு வங்கிக்கு மாறிவிட்டது, புதுக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். அனுப்பினான். மேலே கோபுரப் படம், கீழே எண். ஆன்ட்டி பேரனைக் கூப்பிட்டு 2,500 ராண்ட் போடச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய், அங்கிள் பெயரை மைக்கில் வாசிப்பார்கள் என்று கடைசிப் பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். வாசிக்கவில்லை.

ஆன்ட்டிக்கு 74 வயது. என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். "நட்சத்திரம் தெரிஞ்சவன் திருடனா இருப்பான்னு நான் எப்படிப்பா நினைப்பேன்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். கொஞ்சம் நானும்தான், ஏனென்றால் அந்தக் கோயிலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், கணினி கெட்டுப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கோயில் என்று எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேர், நம்ம கோயிலாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசிப்பீர்கள். அதுவே போதும்.

உங்களில் பலர் தமிழ் படிக்க மாட்டீர்கள் என்றும் தெரியும். சாரத்தை ஆங்கிலத்தில் தனியாக அனுப்பியிருக்கிறேன். இதைத் தமிழில் எழுதக் காரணம், உங்கள் கோயில்களில் கவுண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் குருக்களும், தமிழ் டீச்சரும், என்னைப்போல ஊரிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும். சீட்டை எழுதி வாங்குவது பெரும்பாலும் அவர்கள்தான்.

சரி, அந்தப் பட்டியல் எப்படி வெளியே போனது? தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை, முடியவும் முடியாது. புரட்டாசிக்கு இரண்டு வாரம் முன்பு அந்த எக்ஸல் கோப்பைத் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். குழுவில் 140 பேர். மூன்று வருஷம் முன்பு கேப்டவுனுக்குக் குடிபோனவர்களும், கமிட்டியோடு சண்டை போட்டு வேறு கோயிலுக்குப் போனவர்களும்கூட இன்னும் அதில் இருக்கிறார்கள். அந்த 140 போன்களில் எது தொலைந்தது, எது சர்வீஸ் கடைக்குப் போனது, எது பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமானாக இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கோப்பைத் திறந்து பார்த்தேன். பெயர், போன், வீட்டு முகவரி, பிறந்த தேதி, பிறந்த நேரம், நட்சத்திரம், ஐடி எண் (அரசு அடையாள எண்), வீட்டில் இறந்தவர் பெயர், இறந்த தேதி, கொடுத்த தொகை. ஐடி எண் எதற்கு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், அன்னதானப் படிவத்தை முதலில் தயாரித்தவர் மரண உதவிச் சங்கத்தின் படிவத்தைக் காப்பி எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று தெரிந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் கட்டத்தை எல்லோரும் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கட்டம் இருந்தால் நிரப்புவதுதானே நம் வழக்கம்.

பிறந்த தேதிக்காவது காரணம் இருக்கிறது. இங்கே நாலைந்து தலைமுறையாகிவிட்டது, பாதிப் பேருக்குத் தங்கள் நட்சத்திரம் தெரியாது. கவுண்டரில் இருக்கும் தங்கச்சி பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் வாங்கித் தன் போனில் உள்ள ஒரு இலவச ஆப்பில் போட்டுப் பார்த்துச் சொல்கிறாள். அந்த ஆப் அவளுடைய தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறது. நட்சத்திரம் கண்டுபிடிக்க அவள் அத்தை மகனின் போன் நம்பர் எதற்கு என்று கேட்டால் அவளும் சிரிக்கிறாள். நட்சத்திரம் தெரிந்த பிறகாவது பிறந்த தேதியை அடித்துவிடலாம் அல்லவா? அதுவும் கிடையாது. கோப்பில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது.

இந்த நாட்டில் பிறந்த தேதி என்பது வெறும் தேதி இல்லை. நம் ஐடி எண்ணில் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த வருஷம், மாதம், நாள். அடுத்த நான்கு 5000க்குக் கீழே என்றால் பெண், 5000லிருந்து ஆண். அதற்கடுத்தது குடியுரிமை. கடைசி இலக்கம் மற்றவற்றைக் கூட்டிக் கணக்குப் போட்டு வருவது. ஆக, பிறந்த தேதியைக் கொடுத்தவர் பாதிப் பூட்டைத் திறந்து கொடுத்தவர். மீதிப் பாதியையும் நாமே பக்கத்துக் கட்டத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். போன் கடையிலும் கடன் கொடுக்கும் இடத்திலும் போய் இன்னொருவர் பெயரில் நிற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வயதானவர் பெயரில் சிம் மாற்றி, அவர் போனுக்கு வர வேண்டிய வங்கிக் குறுஞ்செய்தியைத் தன் போனில் வாங்குவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கடைசிக்கு முந்தின இலக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களில் அறுபது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஐடி எண்ணின் கடைசிப் பகுதியே ஒரு காலத்தில் இனத்தைச் சொன்னது. வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று. 1950 மக்கள் பதிவுச் சட்டத்தின் வேலை. 1986 சட்டத்துக்குப் பிறகுதான் எண்ணிலிருந்து இனம் போனது, பதிவுச் சட்டமே 1991இல்தான் நீங்கியது. யார் எங்கே குடியிருக்கலாம், எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம் என்றெல்லாம் ஒரு பதிவேடு தீர்மானித்த ஊர் இது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த் உண்டானதே அந்தப் பதிவேட்டால்தானே.

இன்னும் பின்னால் போனால், 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் எங்கே தழும்பு என்பதுவரை எழுதினார்கள். இன்று அந்தப் பட்டியல் கணினியில் ஏறியிருப்பதால் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடிப் பிடிக்கிறோம், அதில் எனக்கும் சந்தோஷம்தான். என் மனைவியின் கொள்ளுப்பாட்டி ஊர் வட ஆற்காடு என்று அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்தத் தழும்பை எழுதியவர்கள், அவர் பேத்தி சொந்தம் தேடட்டும் என்று எழுதவில்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காக எழுதினார்கள்.

அப்புறம் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் காலனியில் 1906. ஆசியர்கள் எல்லோரும் பத்து விரலையும் பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வந்த சட்டத்தை எதிர்த்துத்தான் சத்தியாகிரகமே பிறந்தது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் பெரிய இரும்புப் பானையில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவும், அவரோடு திரும்பத் திரும்பச் சிறை போன தமிழர்களும் எதற்காகப் போராடினார்கள்? எங்கள் விரல் ரேகை எங்களுடையது என்பதும் அதில் பெரிய பங்கு. அந்த மரபில் வந்த நாம், தமிழ் வகுப்புத் தொண்டர்கள் நேரத்துக்கு வருகிறார்களா என்று பார்க்க விரல் ரேகை இயந்திரம் வாங்கி மாட்டியிருக்கிறோம்! அதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை படத்துக்குக் கீழேயே மாட்டியிருக்கிறார்கள். ஆணி அங்கேதான் இருந்ததாம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. கம்பெனிகளின் கணினிப் பாதுகாப்பைச் சோதித்துப் பார்ப்பதுதான் பதினெட்டு வருஷமாக வேலை, அதனால் எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். பாப்பி ஆக்ட் என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நிறைவேறி, 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்து, ஒரு வருஷ அவகாசமும் 2021 ஜூனோடு முடிந்துவிட்டது. அது பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று ஒரு பொருளாளர் என்னிடம் கேட்டார். இல்லை. வீட்டு விஷயமாகச் சொந்த டயரியில் எழுதி வைப்பதற்கு விலக்கு உண்டு. சங்கத்துக்கும் கோயிலுக்கும் விலக்கு இல்லை.

சொல்லப்போனால் கோயிலுக்கென்றே அதில் ஒரு பிரிவு இருக்கிறது, 28ஆவது. ஒருவரின் மதம் விசேஷப் பாதுகாப்புள்ள தகவல். மத அமைப்பு தன் உறுப்பினர்களின் விவரத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் சம்மதம் இல்லாமல் மூன்றாமவருக்குக் கொடுக்கக் கூடாது. பண்டிகைச் சமயத்தில் பட்டுப்புடவைக் கடைக்காரர் ஸ்பான்சர் செய்கிறார் என்று பக்தர்களின் போன் எண்களை அவருக்குக் கொடுக்கிறோமே, அது இதில்தான் வரும். தலைவர்களுக்கு இன்னொன்று: அமைப்பின் தலைவராக இருப்பவரே சட்டப்படி தகவல் அதிகாரி. தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஏழு கமிட்டித் தலைவர்களிடம் கேட்டேன். ஒருவர் செய்திருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர்.

அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம் என்று எழுதி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் 2023 ஜூலையில் ஆணையம் 50 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தது யாருக்குத் தெரியுமா? நாட்டின் நீதித் துறைக்கே. வைரஸ் தடுப்பு மென்பொருள் போன்றவற்றின் உரிமத்தைக் காலத்தில் புதுப்பிக்கவில்லை, சரிசெய்யச் சொல்லியும் செய்யவில்லை. அதற்கு முன்பு 2020இல் எக்ஸ்பீரியன் என்ற கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து சுமார் 2 கோடியே 40 லட்சம் பேரின் விவரம் போனது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். நம் கோயில் கவுண்டரில் யாராவது சிரித்த முகத்தோடு வந்து, நான் யூத் விங், போன வருஷப் பட்டியல் வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வோம்? டீ கொடுத்து, பென் டிரைவிலும் போட்டுக் கொடுப்போம்.

பணம் போனால் யார் பொறுப்பு என்பதில் கவனம் வையுங்கள், ஏனென்றால் ஆன்ட்டிக்கு நடந்ததில் அதுதான் முக்கியம். வீடு வாங்கிய ஒரு பெண்மணிக்கு வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை நடுவில் ஒருவன் பிடித்து, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பிவிட்டான். 55 லட்சம் ராண்ட் போனது. 2023இல் உயர் நீதிமன்றம் வக்கீல் நிறுவனம்தான் கொடுக்க வேண்டும் என்றது. 2024 ஜூனில் புளூம்ஃபோன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. பணம் போடும் முன் கணக்கு எண் சரியா என்று அவரே விசாரித்திருக்கலாம் என்றது. அப்படியானால் 2,500 ராண்டுக்கு ஆன்ட்டி எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? கோயிலின் வாக்கை நம்பிப் பணம் போடுகிறவரிடம், நீங்கள்தான் விசாரித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். கமிட்டி சொல்லலாமா? கோயில் கணக்கு எண் மாறினால் கொடிமரத்துக்குப் பக்கத்துப் பலகையில் மட்டுமே அறிவிப்போம், போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஒருபோதும் சொல்ல மாட்டோம் என்று ஒரு வரி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூஜை முடிந்து மைக்கில் சொன்னால் போதும். இதற்கு ஒரு சென்ட்கூடச் செலவில்லை.

மைக் என்றதும் நினைவுக்கு வருகிறது, கேமரா. உண்டியல் திருட்டுக்குப் பிறகு எல்லாக் கோயிலிலும் கேமரா வந்துவிட்டது, வேண்டியதுதான். ஆனால் அதிலிருந்து ஒருவர் படத்தை வெட்டி எடுத்து, இவன்தான் திருடன் என்று குழுவில் போடுகிறோமே, அது வேறு விஷயம். ஒரு கோயிலில் அப்படிப் போட்ட படம் எலக்ட்ரீஷியனோடு உதவிக்கு வந்த பையனுடையது. அரை நாளில் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஃபீனிக்ஸ் பகுதி வரை போய்விட்டது. அவன் அம்மா போன் செய்து அழுதபிறகு படத்தை நீக்கினார்கள், ஆனால் நீக்கியது ஒரு குழுவில்தான். 2013இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் ஒரு முகநூல் அவதூறு வழக்கு வந்தது. பதிவை எழுதியவரோடு, அதில் தன் பெயர் கோக்கப்பட்டிருப்பது (டேக்) தெரிந்தும் சும்மா இருந்தவரையும் சேர்த்து 40,000 ராண்ட் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். நான் எழுதவில்லை, குழுவில் யாரோ போட்டார்கள் என்று அட்மின் கையை விரிக்க முடியுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அட்மின் சங்கதியே தனிக் கதை. முன்பெல்லாம் கமிட்டி உடைந்தால் மடப்பள்ளிச் சாவிக்குச் சண்டை வரும். இப்போது வாட்ஸ்அப் அட்மினுக்கும் ஜிமெயில் பாஸ்வேர்டுக்கும் வருகிறது. அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று நான் ஊகித்துச் சொல்லட்டுமா? சாமி பெயர், பக்கத்தில் 108. முன்னாள் செயலாளர்கள் ஆறு பேருக்கும் தெரியும். பொருளாளர் ஒருவரின் வாட்ஸ்அப்பே கைமாறிப்போனது இப்படித்தான்: உங்களுக்குத் தவறுதலாக ஒரு ஆறு இலக்க எண் வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் அண்ணா என்று தெரிந்தவர் எண்ணிலிருந்து செய்தி. அனுப்பினார். பத்து நிமிஷத்தில் அவர் பெயரில் நாற்பது பேரிடம் கடன் கேட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, ஆன் செய்ய ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை போனைக் கொண்டு வாருங்கள், நானே செய்து தருகிறேன்.

குழந்தைகள் விஷயம் சுருக்கமாக. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் படத்தையும் பெயரையும் போட அப்பா அம்மா சம்மதம் வேண்டும். பரதநாட்டியப் படம் அழகாகத்தான் இருக்கிறது, கூடவே பள்ளிக்கூடப் பெயரும் வகுப்பும் எதற்கு?

துக்கச் செய்தியும் அப்படித்தான். வீட்டு முகவரி, எடுக்கும் நேரம், கிளேர் எஸ்டேட் தகன மண்டபம் என்று எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டு ஊர் முழுக்க அனுப்பினால், எந்த வீடு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை காலி என்று எழுதி ஒட்டியதுபோல் ஆகிறது. நேரமும் இடமும் போடுங்கள். முகவரி சொந்தக்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும். வருமான வரித் துறைக்கு ஐடி எண் வேண்டுமே என்பீர்கள். வரிச்சலுகைக்கான 18ஏ ரசீது கொடுக்கத் தகுதியுள்ள அமைப்பு, அந்த ரசீது கேட்கும் நன்கொடையாளரிடம் மட்டும் வாங்கினால் போதும். 2023 மார்ச்சிலிருந்து அந்த ரசீதில் அது இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பால்குடம் எடுக்க 50 ராண்ட் கட்டுகிறவர் 18ஏ கேட்டு நான் பார்த்ததில்லை. மரண உதவிச் சங்கத்துக்கும் ஐடி நகல் தேவை, மறுக்கவில்லை. ஆனால் அது பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டியது, தொண்டர் குழுவில் இல்லை.

மற்றபடி அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும். சாமிக்கு ஐடி எண் தேவையில்லை.

ஆன்ட்டி விஷயத்தில் நடக்க வேண்டியது ஒன்று இன்னும் நடக்கவில்லை. பட்டியல் வெளியே போனது தெரிந்தால் ஆணையத்துக்கும் அதில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கோயில் பெயர் கெட்டுவிடும் என்று கமிட்டி கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னாராம். பெயர் கெடுவதைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான் அண்ணா. ஆனால் அந்தப் பட்டியலில் இன்னும் அறுநூறு பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய போன் மணி அடிப்பதற்கு முன்பு அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்தால் மோசடித் தடுப்புச் சேவையான எஸ்ஏஎஃப்பிஎஸ்ஸில் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம். இலவசம். அவர்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால், கொடுக்கும் நிறுவனம் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும். ஆன்ட்டிக்கு நானே செய்து கொடுத்தேன். படிவத்தில் பிறந்த தேதி கேட்டபோது, இங்கேயும் சொல்லணுமா என்று ஒரு நிமிஷம் தயங்கினார்.

கடைசியாக ஒரு வேலை. மண்டபத்தில் மேடைக்குப் பின்னால், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஏழு அட்டைப் பெட்டி நிறையப் பழைய படிவங்கள் இருக்கின்றன. 2009 தைப்பூசக் காவடிச் சீட்டுகூட அதில் இருக்கிறது, ஐடி நகலோடு. என்னிடம் காகிதம் வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, சின்னது, ஒரு தடவைக்கு எட்டுத் தாள்தான் இழுக்கும். வருகிற ஞாயிறு காலை அபிஷேகம் முடிந்ததும் எடுத்து வருகிறேன். மண்டபச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்
சாட்ஸ்வர்த், டர்பன்